கதவைச் சாத்திய பதினோரு நிமிடம்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு சமீனா போன் செய்தாள். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஜெனியக்கா, பிள்ளையக் கொண்டு போறாவ."

"யாரு?"

"எங்க மதினி. தென்காசியிலேருந்து ஆட்டோவுல வந்திருக்காவ. உடுப்பெல்லாம் பையில எடுத்து வச்சாச்சு. அவங்க தம்பி, எங்க வீட்டுக்காரங்க, சொல்லிட்டாவளாம், பிள்ளை இனிமே அங்கனதான் இருக்கணும்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"டீ போடு. டீயக் குடிக்காம எந்த மதினியும் எந்திரிச்சுப் போனதாச் சரித்திரம் கெடையாது. அதுக்குள்ள வந்துருதேன்."

அவள் சிரிக்கவில்லை. நான் வண்டியை எடுத்தேன்.

நான் மேலகரம் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். பன்னிரண்டு வருடமாக இதே பகுதிதான். ஊசி போடுவது, எடை பார்ப்பது, அட்டையில் குறிப்பது, இவ்வளவுதான் என் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. மறுபாதியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகியது. ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டு அழும் அல்லவா? அந்த நொடியில் நான் குழந்தையைப் பார்ப்பதில்லை. அதை வாங்கிக்கொள்ள எத்தனை பேர் கையை நீட்டுகிறார்கள் என்று பார்ப்பேன். சில பிள்ளைகளுக்கு நாலு பேர் நீட்டுவார்கள். "நீ தள்ளு, எங்கிட்ட குடு" என்று அங்கன்வாடி வாசலில் சண்டையே நடக்கும். அந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலை கிடையாது. ஒரே ஒருத்தி மட்டும் கையை நீட்டுகிற பிள்ளையின் அட்டையில், ஓரமாக, பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இல்லை. புள்ளி விழுந்த வீட்டுக்கு அந்த மாதம் கூடுதலாக ஒரு தடவை போவேன்.

சமீனாவின் மகள் அஃப்ரினுக்கு ஒன்றரை மாத ஊசியன்றே புள்ளி விழுந்தது. சமீனா தனியாக ஆட்டோவில் வந்தாள். இருபத்திரண்டு வயது. பிரசவத்துக்குப் புளியங்குடியில் உம்மா வீட்டில் இருந்துவிட்டு, நாற்பது நாள் முடிந்ததும் இங்கே வந்தவள். அவள் வாப்பாவுக்குப் பக்கவாதம், படுக்கையை விட்டு எழ முடியாது. அதனால் உம்மா கூட வர முடியவில்லை. மாமியார் காலமாகிவிட்டார். கணவர் துல்கர்னைன் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். பெயர் வைத்த கையோடு விமானம் ஏறிவிட்டார்.

குழந்தையை அடிப்பவர்கள், கவனிக்காமல் போடுபவர்கள் என்றால் எல்லாரும் ஒரு கொடூர முகத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் பார்த்த முகங்களில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. காரணம் ஒன்றாக இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அது ஒன்றாக இருப்பதே இல்லை. தூக்கமில்லாத நாற்பது இரவு, பேச்சுத்துணை இல்லாத வீடு, பிரசவத்துக்குப் பின் வந்து போகாமல் உட்கார்ந்துவிட்ட ஒரு சோகம், காரணமே இல்லாமல் சாயங்காலம் முழுக்க அழும் பிள்ளை, சின்ன வயதில் தான் வாங்கிய அடி. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் யாரும் தாங்கிக்கொள்வார்கள். அடி வாங்கி வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பிள்ளையை அப்படி அடிப்பதில்லை, இதை நான் அடித்துச் சொல்வேன். எல்லாம் சேர்ந்து ஒரே ஆளின் தலையில் விழும்போதுதான் கை தடுமாறுகிறது.

குற்றாலம் பேரருவியில் குளித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் நேராக விழுந்தால் கீழே ஒருவரும் நிற்க முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்று பாறையில் ஆழமான பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, சுழன்று, வேகத்தை அங்கேயே விட்டுவிட்டு, பிறகுதான் வழிந்து இறங்குகிறது. அதனால்தான் நாம் தோளைக் கொடுத்துக்கொண்டு சுகமாக நிற்கிறோம். தாய்க்கும் பிள்ளைக்கும் மேலே அப்படி ஒரு பள்ளம் வேண்டும்.

துல்கர்னைனின் அக்கா ஷஹானா இருக்கும் தென்காசித் தெருவில் அது உண்டு. வீடுகளின் பின்பக்கம், பெண்கள் மட்டும் புழங்கும் ஒரு முடுக்கு, இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலம்தான். எல்லாப் பின்வாசலும் அதில் திறக்கும். ஒரு வீட்டில் பிள்ளை கத்தினால் அடுத்த வீட்டுக்காரி மீனைக் கழுவிய கையோடு வந்து நிற்பாள். சமீனாவும் கல்யாணமான புதிதில் அங்கேதான் இருந்தாள்.

துல்கர்னைன் அந்த நெரிசலிலிருந்து மனைவியை வெளியே கொண்டுவர ஆசைப்பட்டார். ஆறு வருட உழைப்பில் மேலகரத்தைத் தாண்டிப் புது மனைகளில் வீடு கட்டினார். சுற்றிலும் எட்டடிச் சுவர். முன்பக்கம் இரும்புக் கேட். பின்வாசல் வைக்கவில்லை. லீவில் வந்தபோது என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "ஆம்பளை இல்லாத வீடு சிஸ்டர். வெளியேருந்து பாத்தா உள்ள ஆளு இருக்கதே தெரியக் கூடாது." போதாததற்குக் கூடத்தில் ஒரு கேமரா. வெளிநாட்டிலிருந்தே மனைவியையும் மகளையும் பார்த்துக்கொள்ளலாம். சுவரும் கேமராவும் அன்பினால் வந்தவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புள்ளி வைத்ததால் பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். எடை சரியாக இருந்தது. கிளம்பும்போது சமீனா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, பிள்ளையப் பிடிச்சு நல்லாக் குலுக்குனா அழுகைய நிப்பாட்டுமா?"

இந்தக் கேள்வி வந்தால் நான் மறுபடி உட்கார்ந்துவிடுவேன். கேட்டதற்காகத் திட்டக் கூடாது. கேட்கிறவள் இன்னும் செய்யவில்லை, செய்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள். திட்டினால் அடுத்த தடவை கேட்க மாட்டாள்.

ஏன் கூடாது என்பதைச் சொன்னேன். இந்த வயதில் தலை கனம், கழுத்து துவளும். குலுக்கினால் மண்டைக்குள் மூளை முன்னும் பின்னும் மோதும், சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அறுந்துவிடும். சில நொடி போதும். பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன்: "பசியா, ஈரமா, காய்ச்சலான்னு பாரு. எதுவும் இல்ல, ஆனா அழுகை நிக்கல, உனக்குக் கை நடுங்குது. அப்படின்னா பாயில மல்லாக்கக் கெடத்து. தலையணை, துணி எதுவும் பக்கத்துல வேண்டாம். கதவச் சாத்திட்டு வெளிய போ. மூஞ்சியக் கழுவு. எனக்குப் போன் போடு. பத்து நிமிஷம் அழுததால எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது."

"பத்து நிமிஷம் அழ விடலாமாக்கா?"

"பத்து நொடி குலுக்குறதுக்குப் பத்து நிமிஷ அழுகை ஆயிரம் மடங்கு மேல்."

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்கு அந்தப் போன் வந்தது. "அக்கா, வெளிய வந்துட்டேன்" என்றாள். பின்னால் அஃப்ரினின் அழுகை சன்னமாகக் கேட்டது. அவள் முகம் கழுவி முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு வண்டியை எடுத்தேன். போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. நான் நுழைந்தபோது குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டியில் பாடிக்கொண்டே போனேன். நான் சொன்ன ஒன்றை ஒருத்தி, தலை வெடிக்கிற அந்த நேரத்தில், வரி பிசகாமல் செய்திருக்கிறாள்!

தம்மாமில் அன்று விடுமுறை. துல்கர்னைன் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, படுத்துக்கொண்டே கேமராவைத் திறந்திருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

சனிக்கிழமை நான் போனபோது ஷஹானா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அஃப்ரின். காலடியில் பை. டீ குடித்து முடிந்திருந்தது. சமீனாவின் போனை டீப்பாயில் சொம்பின்மேல் சாய்த்து வைத்திருந்தாள், திரையில் துல்கர்னைன். சமீனா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க சிஸ்டர்," என்றாள் ஷஹானா. "நீங்களே பாருங்க." தம்பி அனுப்பிய வீடியோவைத் தன் போனில் போட்டுக் காட்டினாள். நாற்பது நொடி. பாயில் குழந்தை வீறிட்டு அழுகிறது. சமீனா திரும்பிப் பார்க்காமல் வெளியே போகிறாள். கதவு சாத்தப்படுகிறது.

"பச்சப்பிள்ளையத் தரையில போட்டுட்டு கதவச் சாத்திட்டுப் போறா. நாய்கூட குட்டிய இப்படி விட்டுட்டுப் போகாது. என்ன சொல்லுதிய?"

"லாத்தா, பேச்ச வளக்காத. பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பு," என்று அக்காவை அவசரப்படுத்தியது போன்.

"துல்கர்னைன், ஒரு நிமிஷம்," என்றேன். "உங்க பிள்ளை மேல ஒரு தழும்பு இருந்தா உங்க அக்காவுக்கு முன்னால நானே பத்து ஒம்போது எட்டு, குழந்தைங்க உதவி நம்பருக்குப் போன் போட்டிருப்பேன். எனக்கு யாரு மொகமும் பெருசு இல்ல. ஆனா நீங்க நாப்பது நொடிதான் அனுப்பிருக்கிய. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் இருக்கதப் பாத்தியளா?"

"முன்னால என்ன இருக்கு? அழுதுகிட்டே இருந்துச்சு."

"அதப் போடுங்க. நாலு பேரும் பாப்போம்."

அவர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, அந்த நேரத்தின் முழுப் பதிவையும் அக்காவின் போனுக்கு அனுப்பினார். அது வந்து சேரும்வரை ஷஹானா மடியில் குழந்தையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். பதிவில் சமீனா ஒரு மணி நேரமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். தட்டுகிறாள். பால் கொடுக்கப் பார்க்கிறாள். துணியை அவிழ்த்துப் பார்க்கிறாள். நடக்கிறாள். பிறகு நின்றுவிடுகிறாள். குழந்தையைத் தன் முகத்துக்கு நேராக இரண்டு கையாலும் பிடிக்கிறாள். முழங்கை விறைக்கிறது. திரையிலேயே அது தெரிந்தது.

ஷஹானா மடியில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியே இரண்டு நொடி. பிறகு சமீனா மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்குவதுபோல, குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்துகிறாள். பக்கத்தில் கிடந்த தலையணையை எடுத்து நாற்காலியில் போடுகிறாள். போர்வையை எடுக்கிறாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து, மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போகிறாள். கதவு. பதினோரு நிமிடம் கழித்துக் கதவு திறக்கிறது. ஈர முகத்தோடு வருகிறாள், தூக்குகிறாள், தோளில் சாய்த்துக்கொள்கிறாள்.

"அந்தப் பதினோரு நிமிஷம் என்ன செஞ்ச?" என்று கேட்டார் துல்கர்னைன். குரலில் பழைய வேகம் இல்லை.

சமீனா நிலையை விட்டு முன்னால் வந்தாள். அந்த வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"மோட்டார் மேடையில உக்காந்திருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன். மூஞ்சியக் கழுவுனேன். சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். எங்க வாப்பாவுக்குக் கோவம் வந்தா கையில கெடைச்சத வச்சு அடிப்பாங்க, உங்களுக்குத் தெரியாது, நான் சொன்னதில்ல. நேத்து பிள்ளையப் பிடிச்சிருந்தப்ப என் கையப் பாத்தேன். எங்க வாப்பா கை மாதிரியே இருந்துச்சு. அதான் கீழ கெடத்துனேன். எங்க வாப்பா ஒருநாளும் கீழ கெடத்தல."

ஷஹானா குழந்தையை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். தம்பி மட்டும் இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தார். "இருந்தாலும் கதவச் சாத்திட்டு..." என்று இழுத்தார்.

அவருக்கு அவர் தொழிலில் சொன்னால்தான் உள்ளே இறங்கும் என்று எனக்குத் தோன்றியது.

"கம்ப்ரசர்ல லோடு கூடி, சூடு தாங்காமப் போனா என்ன செய்யும்?"

"இப்ப எதுக்கு அது? ட்ரிப் ஆகி நின்னுரும்."

"நின்னா மிஷின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

"கஸ்டமர் அப்படித்தான் நெனைப்பான். நின்னதாலதான் கெடாமத் தப்பிச்சிருக்கும். நிக்காம ஓடிருந்தா மோட்டார் காயில் கருகி..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

சில விஷயங்களை அவரவரே முடிக்க வேண்டும்.

"சரி," என்றேன். "ட்ரிப் ஆனத மறுபடி போட்டுட்டு வந்துருவியளா?"

"அது கத்துக்குட்டி வேலை சிஸ்டர். ஏன் ட்ரிப் ஆகுதுன்னு பாக்கணும். இல்லன்னா நாளைக்கும் ஆகும், ஒருநாள் ட்ரிப் ஆகாமப் போயிரும். பாதி எடத்துல என்ன செஞ்சிருப்பான்னா, வெளி யூனிட்ட நாலு சுவத்துக்குள்ள வச்சு அடைச்சிருப்பான். அழகா இருக்கும். சூடு வெளிய போக வழியிருக்காது..."

திரையில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் யாரோ ரூமில் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது.

"சமீனா," என்றார். "கெழக்குச் சுவரு எத்தன அடி?"

"எட்டு."

"அதுக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

"தெரியாதுங்க. தையல் மிஷின் ஓடுற சத்தம் கேக்கும்."

ஷஹானா குழந்தையை மடியிலிருந்து எடுத்து, எழுந்து போய், சமீனாவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தம்பியிடம் திரும்பினாள்.

"ஏலே, பெரிய இஞ்சினியரு! என் மூத்தவன் இதவிடக் கத்துவான். ஒருநாள் தாங்காமக் கட்டில்ல பொத்துன்னு போட்டுட்டேன். அடுத்த அடி வைக்கதுக்குள்ள முடுக்கு வழியா பின்வீட்டு மாமி வந்து பிடுங்கிட்டுப் போயிட்டா. சாயங்காலம் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத் திருப்பிக் கொண்டாந்தா. இவளுக்குப் பிடுங்க யாருலே இருக்கா? நீ கேமராலேருந்து கைய நீட்டுவியா?"

சமீனா முதல்முறையாகச் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"என்னையும் நான் நல்லவளுன்னு சொல்லிக்கல," என்றாள் ஷஹானா அவளிடம், சற்றுக் கோபமாகவே. "நீ பிள்ளையோட இங்க வந்ததுலேருந்து ரெண்டே தடவதான் வந்திருக்கேன். பங்களாவுல இருக்கா, அவளுக்கென்னன்னு நெனச்சேன். இனி தெனமும் மூணு மணிக்கே பஸ் ஏறி வாரேன். கத்துற நேரத்துக்கு நான் இருப்பேன். நீ தூங்கு. பிள்ளை எங்கயும் போகல." பையைத் திறந்து குட்டி உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திருப்பி அடுக்கினாள்.

மறுவாரம் சமீனாவை நான் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பிரசவத்துக்குப் பின் வரும் அந்தச் சோகத்துக்கு மருத்துவம் உண்டு, கூச்சப்பட ஒன்றுமில்லை என்று ஷஹானாவே அவளுக்குச் சொல்லும் அளவுக்கு வந்திருந்தாள். அதே வாரம், ஷஹானா பக்கத்து வீட்டில் சம்மதம் கேட்டு வந்த கையோடு, கிழக்குச் சுவரை உடைத்துக் கதவு வைக்க கொத்தனார் குத்தாலிங்கம் வந்தார். கட்டியவரும் அவர்தான்.

"கட்டும்போதே கேட்டேன் சிஸ்டர், ஒரு சின்னக் கதவு விடவான்னு," என்றார் உளியைத் தட்டிக்கொண்டே. "அண்ணாச்சி வேண்டாம்னுட்டாவ. என் வேலை கெட்டி. இப்ப உடைக்க எனக்கே முடியல பாருங்க." அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

செங்கல் விழுந்த ஓட்டை வழியே அந்தப் பக்கம் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. விஜயம். ஐம்பது வயது இருக்கும். பிள்ளைகள் சென்னையில், வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள்.

"இதுவா அழுகுற குட்டி?" என்றாள். "தெனமும் கேக்கும். பெரிய வீடாச்சே, உள்ள பத்துப் பேரு இருப்பாவ, நாம எதுக்குன்னு மிஷினச் சத்தமா ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஏட்டி, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?"

"எட்டடிக்கு மேல எப்படிக்கா குடுக்க?" என்றாள் சமீனா.

இரண்டரை மாத ஊசி புதன்கிழமை வந்தது. அங்கன்வாடி முன்னால் ஒரே ஆட்டோவிலிருந்து மூன்று பெண்கள் இறங்கினார்கள். நான் அஃப்ரினின் தொடையில் ஊசியைக் குத்தினேன். அவள் ஊரைக் கூட்டினாள். வழக்கம்போல நான் நிமிர்ந்து பார்த்தேன். ஷஹானா கையை நீட்டினாள். விஜயம் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டு பேரும் கையக் கீழ போடுங்க," என்றாள் சமீனா. "மொதல்ல நான்."

வாங்கிக்கொண்டாள். அவள் முழங்கை மடங்கி, தளர்ந்து, குழந்தைக்குத் தொட்டில்போல இருந்தது. அட்டையை எடுத்துப் பென்சில் புள்ளியை அழித்தேன். ரப்பர் தேய்த்த இடத்தில் காகிதம் கொஞ்சம் மங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் துல்கர்னைனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கூடத்தில் இருந்த கேமராவை எடுத்து, புதுக் கதவைப் பார்க்கிற மாதிரி வெளியே மாட்டச் சொல்லியிருக்கிறார். வீடியோவில் விஜயம் ஒரு கிண்ணத்தோடு உள்ளே வருகிறாள். ஷஹானா குழந்தையோடு அந்தப் பக்கம் போகிறாள். அப்புறம் நான் பார்த்தேயிராத ஒரு பெண், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தவளாக இருக்க வேண்டும், எட்டிப் பார்த்து உள்ளே நுழைகிறாள். வீடியோவின் கீழே அவருடைய குரல் பதிவு. பின்னால் ரூம்காரர்களின் சிரிப்பு கேட்டது. அவர்களுக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார் போலும்.

"சிஸ்டர், இன்னைக்கு மட்டும் பதினாலு தடவ கதவு தெறந்திருக்கு. காத்து நல்லாப் போகுது."